காரணம் சொல்லும் பாதி

1970களில் அமெரிக்காவில் மூளை ஆய்வாளர்கள் மைக்கேல் கஸ்ஸானிகாவும் ஜோசப் லெடூவும் ஓர் இளைஞரிடம் நடத்திய சோதனையை என்னால் மறக்க முடிவதில்லை. மருந்துக்கு அடங்காத வலிப்புக்காக, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தை அவருக்கு அறுத்திருந்தார்கள். சுமார் 20 கோடி நரம்பிழைகள் கொண்ட இணைப்பு அது.

பார்வையின் வலப்புறம் தெரிவது இடது பாதிக்குப் போகும். இடப்புறம் தெரிவது வலது பாதிக்கு. பேச்சு பெரும்பாலும் இடது பாதியின் வசம். அவருடைய இடது பாதிக்கு ஒரு கோழிக்காலையும், வலது பாதிக்குப் பனி மூடிய வீட்டையும் ஒரே சமயத்தில் காட்டினார்கள். எதிரே இருந்த படங்களில் பொருத்தமானதைத் தொடச் சொன்னதும், இடது பாதி இயக்கும் வலக்கை கோழியைத் தொட்டது. வலது பாதி இயக்கும் இடக்கை மண்வாரியைத் தொட்டது. பனி அள்ள மண்வாரிதானே வேண்டும்! ஆனால் ஏன் மண்வாரி என்று கேட்டபோது, பதில் சொல்ல வேண்டிய இடது பாதி பனியைப் பார்த்திருக்கவே இல்லை. அது தயங்கவும் இல்லை. கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்றது.

அவர் யாரையும் ஏமாற்றவில்லை. சொன்னதை முழுமனதோடு நம்பினார்.

இப்படி இணைப்பு அறுக்கப்பட்டவர்களுக்கு மனம் ஒன்றா, இரண்டா? 1971இல் இதை ஆராய்ந்த தத்துவ அறிஞர் தாமஸ் நேகல், எந்த எண்ணிக்கையும் சரியாகப் பொருந்தவில்லை என்று முடித்தார். இன்னொரு தத்துவ அறிஞர் டெரெக் பார்ஃபிட் 1984இல் இன்னும் தூரம் போனார். என் மூளையின் இரு பாதிகளும் தனித்தனி உடல்களில் பிழைத்தால் இருவரில் நான் யார்? அதற்கு விடை கிடைக்காவிட்டாலும் குடிமுழுகிவிடாது. நினைவும் விருப்பமும் தொடர்வதே பெரிது என்றார். 2017இல் ஆய்வாளர் யாயிர் பின்டோவின் குழு சோதித்த, இணைப்பு அறுக்கப்பட்ட இருவரோ, எந்தப் பக்கம் தெரிந்ததையும் எந்தக் கையாலும் காட்டினார்கள். இரு பக்கமும் தெரிந்தவற்றை ஒப்பிட மட்டும் முடியவில்லை. பார்வை பிரிந்தாலும் பார்ப்பவர் ஒருவரே என்பது அக்குழுவின் வாதம். விவாதம் ஓயவில்லை.

எண்ணிக்கை எதுவானாலும், அந்த மண்வாரி எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்துவிட்டது. செய்பவரும் காரணம் சொல்பவரும் எப்போதும் ஒருவரல்ல. அறுவை காணாத மூளையிலும் அப்படித்தான் நடக்கிறது என்று கஸ்ஸானிகா கருதினார், நானும் நம்புகிறேன். ஆகவே, தம்பியை அடித்துவிட்டு நிற்கும் குழந்தையிடம் “ஏன் அடிச்சே?” என்று அதட்டுவதை நாம் நிறுத்த வேண்டும். அது “தெரியல” என்கிறது. நாம் அழுத்தம் என்கிறோம். பெரியவர்கள் கேட்கக் கேட்க, அதுவும் ஒரு காரணத்தைக் கட்டிச் சொல்லப் பழகிக்கொள்ளும். அதற்குமுன் அது சொன்ன “தெரியல”தான் உண்மைக்கு மிக அருகில் இருந்த பதில்.