என் பெயரில் ஒரு கடன்

குருணாகலிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவீதியில் கலேவெல ஒரு கடைத்தெருவாகக் கண்ணிற்படும். வெங்காய மூட்டைகளும் மரக்கறிப் பெட்டிகளும் ஏற்றிய லொறிகள் இரவு பகலாகத் தம்புள்ளைச் சந்தையை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். வீதியின் இருமருங்கும் வங்கிகள், நிதிக் கம்பனிகள், தங்க நகை அடகு பிடிக்கும் இடங்கள். நெல்லும் வெங்காயமும் விளையும் ஊரில் விதைக்கடைகளைவிடக் கடன் கொடுக்கும் கடைகளின் பெயர்ப்பலகைகளே பெரியனவாக இருக்கின்றன. பதினொரு வருடங்களாக இவ்வூரின் தமிழ்மொழிப் பள்ளிக்கூடமொன்றில் ஆசிரியனாக இருந்து வருகின்றேன். பெயர்ப்பலகைகளைப் பற்றி அதற்கு முன் நான் சிந்தித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன், வீட்டின் கூரையை மாற்றுவதற்காக ஒரு வங்கியில் கடனுக்கு விண்ணப்பித்தேன். அரசாங்க உத்தியோகம், மாதச் சம்பளம், இரு பிணையாளர்கள். மறுப்பதற்கு முகாந்திரம் ஏதும் இல்லை என்று நம்பியிருந்தேன். ஒரு வாரம் கழித்து அங்குள்ள உத்தியோகத்தர் என்னை அருகில் அழைத்து, பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்கக்கூடாது என்ற நல்லெண்ணத்துடன், மெல்லிய குரலில் சிங்களத்தில் சொன்னார்: என் பெயரில் ஒரு நிதிக் கம்பனியில் எண்பத்தையாயிரம் ரூபாக் கடன் இருக்கிறது, பல மாதங்களாகத் தவணை கட்டப்படவில்லை, கிரிப்பில் அவ்வாறே பதிவாகியிருக்கிறது.

அந்தக் கம்பனியின் வாசற்படியை நான் மிதித்ததேயில்லை. ஆயினும் அவர் சொன்ன கணத்தில் எனக்கு முதலில் ஏற்பட்டது கோபமன்று, வெட்கம். யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் நாட்டில் எல்லோரும் கிரிப் என்று சொல்வது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. தென்னாசியாவில் இத்தகைய நிறுவனங்களுள் முதலாவது இதுவே. மத்திய வங்கியும் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் அதன் பங்குதாரர்கள். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் கொடுத்த கடன்களின் விபரத்தை அதற்கு அனுப்புகின்றன. புதிதாகக் கடன் கேட்டு ஒருவன் வரும்போது அவனைப் பற்றிய அறிக்கையை அதனிடமிருந்து பெறுகின்றன. "கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது" என்று மக்கள் பேசுவது முற்றிலும் சரியன்று. ஒழுங்காகக் கட்டியவனின் பெயரும் அங்கே உண்டு. பிணை நின்றவனின் பெயரும் உண்டு. ஆசிரியர்களாகிய நாம் சக ஆசிரியர்களுக்குத் தாராளமாகப் போடும் பிணைக் கையெழுத்துக்கள் யாவும் அங்கே வரிசையாக நிற்கின்றன. கறுப்புப் பட்டியல் எதுவும் தம்மிடம் இல்லை, கடன் கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் தீர்மானமே என்று பணியகம் கூறுகிறது. அது உண்மைதான். ஆனால் வங்கியிலே கேட்டால் கிரிப்பைக் காட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் யாரிடம் போய் முறையிடுவது?

அவரவர் தமது அறிக்கையைத் தாமே கேட்டுப் பெறலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியவந்தது. கொழும்புக்குச் செல்லாமலே பெறலாம், கட்டணமும் பெரிதன்று. அறிக்கை கையில் கிடைத்த இரவு, பரீட்சை விடைத்தாளைத் திருத்துவதைப் போல ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கடன் கொடுத்தவர் யார், எவ்வகைக் கடன், வழங்கிய தொகை, மீதி, எத்தனை நாள் தாமதம், யாருக்குப் பிணை, அண்மையில் எந்த நிறுவனங்கள் என்னைப் பற்றி விசாரித்தன என்பவை அதில் இருந்தன. கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யக்கூடாது. நாம் கடன் கேட்காத நிறுவனம் நம்மைப் பற்றி விசாரித்திருந்தால், நமது பெயரில் வேறொருவன் கேட்டிருக்கிறான் என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

கம்பனியில் விண்ணப்பத்தைப் பார்க்க இரண்டு தடவை அலைந்தேன். பெயரில் ஓர் எழுத்துப் பிழை. விலாசம் நான் ஒருபோதும் வசிக்காத ஊர். அடையாள அட்டை இலக்கம் மாத்திரம் அச்சொட்டாக என்னுடையது. இணைத்திருந்த போட்டோகொப்பியின் மேல் ஓரத்தில் என் கையால் எழுதிய தொலைபேசி இலக்கத்தின் பாதி தெரிந்தது. அதைக் கண்டதும் எனக்கு நினைவு வந்தது. ஒரு கைத்தொலைபேசி இணைப்புக்காகக் கடையொன்றில் நான் கொடுத்த நகல் அது. அந்தக் கடை இப்பொழுது இல்லை.

நமது அடையாள அட்டை இலக்கத்தில் இரகசியம் ஏதுமில்லை. பழைய ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களாயின் அதனுடன் ஐந்நூறு கூட்டப்பட்டிருக்கும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்கங்களில் ஆண்டு முழுதாகவே இருக்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தபால் கந்தோர், தொலைபேசிக் கடை என்று எங்கும் நாம் இதனை எழுதிக் கொடுக்கிறோம். இவ்வளவு பேர் அறிந்த ஓர் எண்ணைக் கொண்டுவந்தவனை, முகத்தைக்கூடச் சரியாகப் பாராமல், அவனே இவன் என்று ஏற்றுக்கொண்டது யார் குற்றம்? திருட்டுக்கொடுத்தவன் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் உபதேசம் செய்கிறார்கள். 2017இல் அமெரிக்காவில் ஈக்குவிபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்திலிருந்தே ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் பேரின் விபரங்கள் களவு போயின. அவர்களுள் எவரும் அந்த நிறுவனத்திடம் தம் விபரத்தை வைத்திருக்கும்படி கேட்டவரல்லர்.

என் பாட்டனின் தகப்பனார் மாத்தளைத் தோட்டமொன்றில் உழைத்தவர். மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் கால்நடையாக வந்த கூட்டத்தின் வழித்தோன்றல். அக்காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது. ஒரு கங்காணியின் கீழுள்ளவர்கள் வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், அவர்கள் தலைமேல் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. கடனின் கணக்கு கங்காணியிடம். எழுதுவது துரை. சுமப்பது தொழிலாளி, அவனுக்கோ அதிலுள்ளதை வாசிக்கத் தெரியாது. 1921இன் சட்டம் துண்டை ஒழித்தது. இன்றைய பணியகத்தையும் துண்டையும் ஒன்றென்று சொல்லுமளவுக்கு நான் நியாயம் தெரியாதவனல்லன். என் அறிக்கையை நானே வாசித்தேன், பிழையைத் திருத்தவும் முடிந்தது. ஆயினும் அன்றிரவு அந்தத் தாள்களை விரித்து வைத்திருந்தபோது, துண்டைப் பற்றிப் பாட்டி சொன்னவை நினைவுக்கு வந்ததைத் தடுக்க முடியவில்லை.

திருத்தம் கிடைக்க நான்கு மாதங்கள் சென்றன. பணியகம் தானாக எதையும் அழிப்பதில்லை. தகவலை அனுப்பிய நிறுவனமே திருத்தி அனுப்ப வேண்டும். பொலிசில் ஆள்மாறாட்ட முறைப்பாடு, அதன் பிரதியுடன் கம்பனிக்குக் கடிதம், பணியகத்துக்கு ஒரு பிரதி. பதில் வராவிடின் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு எழுதலாம். நிதி ஒம்புட்ஸ்மனும் உண்டு. எல்லாவற்றையும் எழுத்தில் செய்தேன். கடைசியில் கம்பனியின் முகாமையாளர் எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தார். நான் சப்பாத்து அணிந்து, சிங்களத்தில் கடிதம் எழுதி, ஆசிரியர் என்று கையொப்பமிட்டவன்.

இத்துடன் முடித்திருந்தால் இதனை எழுதியிருக்க மாட்டேன்.

என் சம்பவத்துக்குச் சில மாதங்களுக்கு முன், எனது மாணவி ஒருத்தியின் தாய் சிங்களத்தில் அச்சடித்த கடிதமொன்றை வாசித்துச் சொல்லும்படி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். பெண்கள் குழுவுக்குச் சிறுகடன் கொடுக்கும் ஓர் அமைப்பின் கோரிக்கைக் கடிதம் அது. வாசித்துச் சொன்னேன்.

"இந்தக் கடன நான் எடுக்கல்ல சேர். முந்தி எடுத்தத்த கட்டி முடிச்சிட்டன். இது என்ட கையெழுத்தே இல்ல."

"தாத்தா, இலக்கம் உங்களுடையதுதானே? எடுத்துவிட்டு இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்?" என்றேன். (இவ்வூர் முஸ்லிம் மக்கள் மூத்த சகோதரியை அழைப்பது போல நானும் அவரைத் தாத்தா என்றே அழைப்பேன்.) பின்னால் இணைத்திருந்த படிவத்தைப் புரட்டிப் பார்க்கவுமில்லை. அவர் கடிதத்தை மடித்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனது பெயர் துலங்கிய பிறகுதான் அவரைத் தேடிச் சென்றேன். படிவத்தைக் காட்டினார். கையெழுத்து சிங்களத்தில் இருந்தது. அவருக்குச் சிங்களத்தில் எழுதத் தெரியாது. மகளின் தேர்ச்சி அறிக்கையில் ஒவ்வொரு தவணையும் தமிழில் அவர் இட்ட கையெழுத்தை நானே பார்த்திருக்கிறேன்.

"கட்டிக்கிட்டு வாறன் சேர். இன்னம் பதினாலு கிழமதான்."

முறையிடாதது ஏன் என்று கேட்டேன். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்டவேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் வசூலிப்பவர் வந்து பணம் சேரும்வரை எல்லோரையும் ஒரே வீட்டு விறாந்தையில் உட்கார வைத்திருப்பார். அயலவர்களை அப்படி உட்கார வைக்க அவருக்கு மனமில்லை. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் இத்தகைய கடன்களுக்கெதிராகப் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்த செய்தியை நான் பத்திரிகையில் வாசித்து, வகுப்பிலே மாணவர்க்கு எடுத்துச் சொன்னவன். அவ்வாரமும் இந்தப் பெண் என் பள்ளிக்கூட வாசலால்தான் மகளை அழைத்துச் சென்றிருப்பார்.

பொலிசுக்கு வர அவர் சம்மதிக்கவில்லை. அறிக்கையையாவது எடுத்துப் பார்ப்போம் என்று வற்புறுத்தினேன். விண்ணப்பத்துக்கான அடையாள அட்டை நகலின் குறுக்கே, அது எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதையும் திகதியையும் எழுதச் சொன்னேன். இப்போது என் மாணவர்களுக்கும் இதையே சொல்லிக் கொடுக்கிறேன். அவர் தமிழில், பெரிய எழுத்துக்களில், நிதானமாக எழுதினார்.

அறிக்கை வந்தது. அதில் கடன் எதுவும் இல்லை. அந்த அமைப்பு பணியகத்தில் அங்கம் வகிக்கவில்லை. ஆகவே அவர் எடுக்காத கடனும் அங்கே இல்லை. அவர் எடுத்துத் தவறாமல் கட்டி முடித்த முதற் கடனும் இல்லை. நாளை அவர் ஒரு தையல் இயந்திரத்துக்காக வங்கியிடம் போனால், வாழ்நாளில் ஒரு சதமேனும் கடன்பட்டுத் திருப்பிக் கொடுத்தறியாத ஒருத்தியாகவே நிற்பார். அதை அவருக்கு விளங்கப்படுத்த எனக்கு வெகுநேரம் பிடித்தது.

தாளை வாங்கி இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

"ஒன்டுமே இல்லியா சேர்?"

"இல்லை, தாத்தா."

"அப்ப நான் கட்டின சல்லி?"