முதலில் தரை, பிறகு கப்பல்

மீஞ்சூரிலிருந்து கிழக்கே போனால் காட்டுப்பள்ளியில் கண்டெய்னர் துறைமுகம். அதையொட்டித் தெற்கே எண்ணூரில் நிலக்கரி இறங்கும் காமராசர் துறைமுகம். திருவொற்றியூரையும் ராயபுரத்தையும் தாண்டினால் சென்னைத் துறைமுகம். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் கரைக்குள் மூன்று துறைமுகங்கள் இருந்தும், இந்தப் பகுதிக்காரர்கள் பயணியாகக் கப்பல் ஏறுவது அபூர்வம். அந்த ஆசை பலருக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ, "இந்தத் தடவை வரும்போது அலாஸ்கா கப்பல்ல போயிட்டு வரலாம்ப்பா" என்று சொல்வதில் அது தொடங்குகிறது. ஒரு வாரம் கப்பல், அதோடு நாலைந்து நாள் உள்நாட்டுப் பயணம் என்று பேக்கேஜ் வருகிறது. உடனே வீட்டில் நடக்கும் பேச்சு எந்தக் கப்பல், பால்கனி வைத்த கேபினா, ஜன்னல் மட்டுமா என்பதைப் பற்றித்தான். தரைப் பகுதி கடைசியில் ஒட்டிக்கொள்ளும் வால் போல ஆகிவிடுகிறது. இந்த வரிசை தவறு என்பது என் உறுதியான கருத்து. குளிர் கடலுக்கு முதல் பயணம் போகிறவர் தரையைத்தான் முதலில் திட்டமிட வேண்டும். கப்பல், கேபின், மாதம், விசா எல்லாம் அதிலிருந்து தானாகவே முடிவாகும்.

கப்பல் என்பதே ஊர் என்ற எண்ணம் நமக்குப் புதிது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலாவிலும், அதன் பிறகு 1985இல் தீப்பிடிக்கும் வரை ஓடிய சிதம்பரத்திலும் சென்னையிலிருந்து போனவர்களுக்குக் கப்பல் வெறும் வழி. போகிற இடம் பினாங்கும் சிங்கப்பூரும். இன்றும் அந்தமானுக்கு அறுபது மணி நேரம் கப்பலில் போகிறவர் போர்ட் பிளேரை நினைத்துத்தான் போகிறார். கப்பலே சுற்றுலா என்ற பழக்கம் சென்னையில் 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் புறப்பட்டபோது பரவலானது. மறு ஆண்டு அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது. கடல் ஒத்துக்கொள்கிறதா, கேபினில் தூக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள அப்படி ஒரு பயணம் நல்ல ஒத்திகைதான். ஆனால் ஏறிய துறைமுகத்திலேயே இறங்கி வீட்டுக்கு வருகிற அந்தப் பயணம், இறங்கும் ஊர்களைச் சில மணி நேர இடைவேளையாக நினைக்கவும் பழக்கிவிடுகிறது. அதே மனத்தோடு அலாஸ்காவுக்குப் போனால் பணம் போகும், பார்த்தது குறைவாக இருக்கும்.

காரணம் அந்த நிலத்தின் அமைப்பு. அலாஸ்காவின் தென்கிழக்குக் கரை தீவுகள் நிறைந்தது. கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்று கப்பல்கள் நிற்கும் ஊர்கள் அங்கேதான். தலைநகரான ஜூனோவுக்கு வெளியிலிருந்து வரும் சாலையே கிடையாது. ஏறத்தாழ 32,000 பேர் வாழும் அந்த ஊரில் 2023இல் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணிகள் இறங்கினார்கள். நெரிசல் தாங்காமல், 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்தான் என்று எல்லை வைத்தார்கள். பெரிய மலையும், கரடியும் கலைமானும் திரியும் திறந்த வெளியும் இங்கிருந்து வெகு தொலைவில், வடக்கே உள்நாட்டில் இருக்கின்றன. சியாட்டிலில் ஏறிச் சியாட்டிலிலேயே இறங்கும் சுற்றுக் கப்பல் அந்தப் பக்கம் போவதில்லை. உள்நாடு வேண்டுமென்றால் கனடாவின் வான்கூவருக்கும் அலாஸ்காவின் சீவர்டு அல்லது விட்டியருக்கும் இடையே ஒரு வழியாக ஓடும் கப்பல்தான் வேண்டும். அந்த வழியில் ஒரு நாள் திறந்த அலாஸ்கா வளைகுடாவைக் கடக்க வேண்டியிருக்கும், கப்பல் ஆடலாம். தீவுகளுக்கு நடுவே போகும் மற்ற நாட்களில் அந்தத் தொல்லை குறைவு. ஆக, எந்தக் கப்பல் என்ற கேள்விக்குத் தரைதான் விடை சொல்கிறது. விசாவுக்கும் அப்படியே. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரிடம் ஜெமினி பாலத்துப் பக்கத்துத் துணைத் தூதரகத்தில் வாங்கிய அமெரிக்க விசா இருக்கும். கனடா விசாவை மறந்துவிடுவார்கள். வான்கூவரில் கப்பல் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இந்திய பாஸ்போர்ட்காரருக்கு அது வேண்டும். சியாட்டில் சுற்றுக் கப்பலில் போனாலும் தப்பிக்க முடியாது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் நடுவில் வேறொரு நாட்டைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886இல் போட்ட சட்டம் இன்றும் நடப்பில் இருப்பதால், அந்தக் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் நின்றுதான் திரும்புகின்றன. இரண்டு விசா பெரிய பாரம் என்பவர்கள் நார்வேயை எண்ணிப் பார்க்கலாம். 1893இல் தொடங்கி, இன்று பெர்கனிலிருந்து வடகிழக்குக் கோடியில் உள்ள கிர்க்கெனெஸ் வரை ஓடும் கடற்கரைக் கப்பலுக்கும், பெர்கன்–ஆஸ்லோ ரயிலுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும்.

உள்நாட்டுப் பகுதியின் மையம் டெனாலி தேசியப் பூங்கா. அங்குள்ள 6,190 மீட்டர் மலைதான் வட அமெரிக்காவிலேயே உயரமானது. அதற்கு 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு மெக்கின்லி என்ற பழைய பெயரைத் திரும்ப வைத்தது. பூங்காவின் பெயர் மாறவில்லை. விளம்பரத் தாளில் இரண்டு பெயரையும் பார்த்து இரண்டு இடம் என்று எண்ண வேண்டாம். அங்கே வருகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் அந்தச் சிகரம் தெரிகிறது, மற்ற நேரம் மேகம் மூடியிருக்கும். இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு நாள் இருப்பவருக்கு வாய்ப்பு மூன்றில் ஒன்று. மூன்று நாள் இருந்தால், ஒரு நாளுக்கும் மறு நாளுக்கும் தொடர்பில்லை என்று வைத்துக்கொண்டால், 27க்கு 19. அதாவது பத்துக்கு ஏழு. பிடித்த மேகம் சில சமயம் நாள்கணக்கில் விலகாது என்பதால் உண்மையில் கொஞ்சம் குறையும். அப்படியும் ஓர் இரவுக்கும் மூன்று இரவுக்கும் உள்ள வித்தியாசம் பால்கனி கேபினுக்கும் சாதாரண கேபினுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. மலிவான பேக்கேஜ்களில் வெட்டப்படுவது இந்த இரவுகள்தான். ஐந்து நாளில் ஐந்து ஊர் என்று போட்டால் தாளில் நிறைவாகத் தெரியும். போகிறவர் பெட்டியைக் கட்டுவதிலும் பிரிப்பதிலும் நாட்களைக் கழிப்பார். விடுதி எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மலையின் பெயரைத் தாங்கிய பெரிய விடுதிகளில் ஒன்று பூங்கா வாசலுக்கு 160 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே இருக்கிறது. மீஞ்சூரில் அறை எடுத்துக்கொண்டு திண்டிவனத்தைப் பார்ப்பது போன்றது அது. பூங்காவுக்குள் போகும் சாலை ஒன்றே ஒன்று, 148 கிலோமீட்டர். சொந்த வண்டிக்கு முதல் 24 கிலோமீட்டர் வரைதான் அனுமதி, அதற்கு மேல் பூங்காவின் பஸ். 2021 ஆகஸ்டில் நடுவழியில் மலைச்சரிவு நகர்ந்து பாதை அடைபட்டதால் பஸ்ஸும் 43ஆவது மைலோடு திரும்ப வேண்டியதாயிற்று. சரிவைத் தாண்டப் பாலம் கட்டும் வேலை தொடங்கியது. போகும் ஆண்டில் பஸ் எதுவரை போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கட்டக் கூடாது.

கப்பல் முன்னாலா, தரை முன்னாலா என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நமக்கும் அலாஸ்காவுக்கும் கோடையில் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு உடம்பு தேற ஒரே அறையில் ஏழு நாள் இருக்கக் கிடைக்கும் கப்பலே நல்லது என்று ஒரு சாரார் சொல்வார்கள். நான் தரையை முன்னால் வைக்கச் சொல்கிறேன். சென்னையிலிருந்து இரண்டு விமானம் மாறிப் போகிறவருக்கு எங்காவது ஒரு நாள் தாமதமாகலாம். ரயிலை அடுத்த நாள் பிடிக்கலாம், விடுதியில் ஓர் இரவைத் தள்ளிப்போடலாம். கப்பல் நிற்காது, ஒரே விமானத்தைத் தவறவிட்டதற்குப் பயணமே போய்விடும். ஆகவே அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கி, இரண்டு இரவு எதுவும் செய்யாமல் தூங்கி எழுந்து, ரயிலில் டெனாலிக்குப் போவது நல்லது. ஏறத்தாழ வைகை எக்ஸ்பிரஸில் மதுரைக்குப் போகும் நேரம்தான் ஆகும். உடம்பில் தெம்பு இருக்கும்போது தரையை முடித்துவிட்டு, களைத்த பிறகு கப்பலில் தெற்கே வந்தால் வான்கூவர் வரை வேறு வேலை இல்லை.

வயதானவர்களுக்குத் தரைப் பயணம் ஆகாது, சாப்பாடும் சிரமம், கப்பலோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பார்கள். முட்டிவலி உள்ளவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் களைப்பைத் தருவது தரை மட்டும் இல்லை, தினமும் இடம் மாறுவது. இரண்டே இடம், ஒவ்வொன்றிலும் இரண்டு அல்லது மூன்று இரவு என்றால் எழுபது வயதுக்காரரும் தாங்குவார். அந்தப் பூங்காவில் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி பஸ் ஜன்னல் வழியே பார்ப்பதுதான். சைவச் சாப்பாட்டை முன்கூட்டிச் சொல்லி வைத்தால் பெரிய கப்பல்களில் கிடைக்கும். தரையில் விடுதிச் சமையலை நம்பாமல் ஆங்கரேஜ் கடையில் அரிசியும் தயிரும் வாங்கிக்கொள்வது மேல். செலவு உண்மையான தடை. அதற்குப் பால்கனியை விட்டுக்கொடுங்கள். பனியாற்றைப் பார்க்கும் நேரத்தில் எல்லோரும் மேல்தளத்துக்குத்தான் போவார்கள். மிச்சமாகும் பணத்தில் இரண்டு இரவையும், அவசரத்துக்கு ஹெலிகாப்டரில் தூக்கிப்போகும் செலவைத் தாங்குகிற மருத்துவக் காப்பீட்டையும் வாங்கலாம்.

எந்த மாதம் என்பதும் தரையைப் பொறுத்ததே. கப்பல்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை ஓடும். டெனாலியின் பஸ்கள் மே பிற்பகுதி முதல் செப்டம்பர் நடு வரைதான். ஜூன் 21 வாக்கில் உள்நாட்டு ஊரான ஃபேர்பேங்க்ஸில் ஏறத்தாழ 22 மணி நேரம் பகல் என்பதால் வட ஒளி (அரோரா) தெரியாது. அது வேண்டுமானால் ஆகஸ்ட் கடைசி. மழை குறைவாக வேண்டுமானால் மே, ஜூன். குளிரைவிட மழையை எண்ணிப் பயப்பட வேண்டும். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது என்றால் கெட்சிகனில் அதைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். நமக்குத் தெரிந்த மழை வெதுவெதுப்பானது. பத்து டிகிரியில் காற்றோடு அடிக்கும் மழை வேறு. நாம் அன்றாடம் உடுத்தும் பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கனமான ஒரே கோட்டைவிட, உள்ளே கம்பளி, அதன் மேல் ஒரு சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் புகாத மழைச்சட்டை என்று அடுக்கிப் போடுவதே சரி.

நான் மிகவும் மதிக்கும் எதிர்ப்பு ஒன்று உண்டு. 2017 ஜனவரி 28இல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியதையும், அதை வாளியால் அள்ளியதையும் பார்த்த பகுதி இது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மீண்டும் கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் மிதந்தது. இந்த ஊர்க்காரர் உல்லாசத்துக்காக ஒரு பெரிய கப்பலின் எரிபொருளுக்குக் காசு கொடுக்கலாமா? அலாஸ்காவுக்கும் அந்தக் காயம் உண்டு. 1989 மார்ச் 24இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் கொட்டிய எண்ணெயின் மிச்சம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கரையின் கற்களுக்கு அடியில் கிடைத்தது. அலாஸ்காவின் பனியாறு விரிகுடாவில் (கிளேசியர் பே) பின்வாங்கிய பனியைத்தான் பயணிகள் பார்க்கப் போகிறார்கள். 1750 வாக்கில் விரிகுடா முழுவதையும் அடைத்திருந்த பனி இன்று நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போய்விட்டது. அங்கே நாளொன்றுக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. துறைமுகத்தில் நிற்கும் உல்லாசக் கப்பல் தன் எஞ்சினை அணைத்துக் கரை மின்சாரத்தில் இயங்கும் வசதி உலகிலேயே முதலில் 2001இல் ஜூனோவில் வந்தது. இவற்றால் கப்பல் சுத்தமாகிவிடாது. கப்பலில் இருக்கும் நாட்களைக் குறைத்து, ரயிலிலும் பூங்காவின் பஸ்ஸிலும் கழிக்கும் நாட்களைக் கூட்டுவது நம் கையில் இருக்கிறது. தரையை முன்னால் வைக்க இதுவும் ஒரு காரணம்.

ஏஜென்ட் முன்னால் உட்காரும்போது கேபின் விலையைக் கேட்பதற்கு முன், டெனாலி வாசலில் எத்தனை இரவு என்று கேளுங்கள். ஒன்று என்று பதில் வந்தால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.