காப்பகம் யாருக்கு?

எங்கள் தெருவில் நாய் விஷயத்தில் இரண்டு கட்சி. சோறு வைக்கிற கட்சி ஒன்று, கம்பெடுக்கிற கட்சி ஒன்று. அசோசியேஷன் கூட்டத்தில் இரு கட்சியும் ஒத்துப்போவது ஒரே ஒரு வாக்கியத்தில்தான்: "ப்ளூ கிராஸுக்கு ஃபோன் பண்ணுங்க சார், வந்து பிடிச்சிட்டுப் போகட்டும்." ஒருவருக்கு நாய் நன்றாக இருக்க வேண்டும், மற்றவருக்கு நாயே இருக்கக் கூடாது. இருவருக்கும் அது கண்ணில் படாமல் எங்காவது போய்விட்டால் நிம்மதி.

சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற பிராணிநல அமைப்பைக் கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கினார். அந்த நாளில் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. கொன்றும் எண்ணிக்கை குறையவில்லை. தெருவில் குப்பையும் மிச்சச் சோறும் இருக்கும்வரை, போன நாயின் இடத்துக்கு இன்னொன்று வரும். வந்து குட்டி போடும். கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று ப்ளூ கிராஸ் 1964-லேயே சொன்னது. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆனது. கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2001-இல் மத்திய அரசு விதி வகுத்தது. 2023-இல் வந்த புதிய விதியும் அதையே சொல்கிறது. பள்ளி, மருத்துவமனை போன்ற வளாகங்களுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் வேறு விதமாக உத்தரவிட்டது.

காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால், அது கருத்தடை முடிந்த நாய். தன் எல்லைக்குள் புது நாயை அது எளிதில் விடாது. அதைத் துரத்திவிட்டால், ஊசி போடாத ஒன்றுக்கு நாமே இடம் ஒதுக்கிக் கொடுக்கிறோம். வெட்டில்லாத நாயைப் பார்த்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லலாம். எங்கள் தெருவில் சோறு வைக்கிற கட்சியில்கூட அதைச் செய்தவர்கள் குறைவு.

இதனால் ப்ளூ கிராஸ் போன்ற காப்பகத்துக்கு வேலையில்லை என்று நான் சொல்லவில்லை. வண்டியில் அடிபட்டது, புழு வைத்த புண்ணோடு திரிவது, கண் தெரியாத கிழம், இவற்றுக்கு அங்கேதான் போக்கிடம். அந்த இடத்தை நல்ல ஆரோக்கியமான பிராணிகளைக் கொண்டு நிரப்புவதுதான் கொடுமை. தெருவில் தாயோடு இருக்கும் குட்டிகளை இரக்கப்பட்டு அள்ளிக்கொண்டு போய் அங்கே விடுகிறார்கள். நோயோடு வந்த நாய்கள் நிறைந்த இடத்தில், ஊசி போடாத குட்டியைப் பார்வோ வைரஸ் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். இரக்கமே எமனாகிவிடுகிறது.

எனக்கு அதிகம் கோபம் வருவது காசு கொடுத்து வாங்கி, அலுத்ததும் கைவிடுகிறவர்கள்மேல். பக் நாய் வந்த ஹட்ச் செல்ஃபோன் விளம்பரம் ஓடியபோது ஊரெல்லாம் பக். பிறகு சென்னை வெயிலில் ஹஸ்கி. ஃபிளாட் மாறினார்கள், குழந்தை பிறந்தது, நாய்க்கு வயதாகிவிட்டது என்று ஏதோ ஒரு காரணம். கழுத்தில் பட்டைத் தடம் மாறாமல், குப்பையில் தேடித் தின்னத் தெரியாமல் அவை தெருவில் நிற்கும். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதா வழிவகுத்து, 1960-இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி பிராணியைக் கைவிடுவது அதன்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரை! குட்டி வாங்கக் கொடுத்த ஆயிரங்களுக்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

அதனால் சட்டத்தை நம்பிப் பயனில்லை. நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும். உங்கள் பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்பென்றால், அவன் கல்லூரி போகும்போதும் அது உங்கள் வீட்டில் இருக்கும். வருடந்தோறும் ஊசி, தினமும் நடை, ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள், இவற்றுக்கு வழி உண்டென்றால் வளருங்கள். அதுவும் நம் வெயில் தாங்கும் நாட்டு நாயாகத் தத்தெடுங்கள். இல்லையென்றால், பிள்ளை எவ்வளவு அழுதாலும் வாங்காதீர்கள்.