துரோன் என்னும் பழப் பணியாரம்

பிலிப்பைன் தீவினர் மாலையில் உண்ணும் சிற்றுண்டிகள் பல. அவற்றுள் நமது நாவை ஆட்கொண்டது துரோன் ஒன்றே. மணிலாவில் நாம் தங்கிய ஆறு நாட்களில் அதனை உண்ணாத மாலை இல்லை. கணக்கெழுதிப் பிழைக்கும் தோட்டக் கிராணியாயினும், உண்ட துரோன்களின் கணக்கை மட்டும் வெளியிடோம்.

'சபா' என்னும் வாழைப்பழத்தை நீளவாக்கில் பிளந்து, சர்க்கரையில் புரட்டி, பலாச்சுளைக் கீற்றொன்றை உடன் வைத்து, மெல்லிய மாவுத் தோலில் சுருட்டிக் காய்ந்த எண்ணெயில் இடுகின்றனர். நம் நாட்டு மலாய்க்காரர் 'பீசாங் நீப்பா' என்பது இப்பழத்தையே. பருத்துக் கோணம் கோணமாயிருக்கும்; சூட்டிற்கு எளிதில் கரையாது. எண்ணெயில் பழுப்புச் சர்க்கரையையும் தூவுவர். அது உருகிச் சுருளின்மேல் படிந்து, ஆறியதும் கண்ணாடிபோல் இறுகும். அவ்விறுக்கமே துரோனின் உயிர். கடித்தவுடன் 'மொறுக்'கென்னும் ஓசை எழவேண்டும். உள்ளே பழம் இளஞ்சூட்டுடன் குழைந்திருக்க வேண்டும். பலாவின் மணம் அதன் பின்னரே வரவேண்டும். ஈரக்காற்றுள்ள நாடாதலின், நேரம் சென்றால் மேல்தோல் பிசுபிசுத்துவிடும். வாங்கிய இடத்திலேயே நின்று உண்பதே முறை. பெரிய கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பதை நாம் சிபாரிசு செய்யோம்.

நம்மைப்போல் ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நண்பரொருவர், "இது கலப்படப் பண்டம், அந்நாட்டாருக்குச் சொந்தமானதன்று" என்று வாதித்தார். அவர் கூறியவற்றுள் பொய் இல்லை. மாவுத் தோல் புக்கியன் சீனர் கொணர்ந்தது. பெயர், பாதாம்பருப்பும் தேனும் சேர்ந்த ஸ்பானிய மிட்டாயின் பெயர். மாலைச் சிற்றுண்டியை 'மெரியெண்டா' என்பதும் 1565 முதல் 1898 வரை ஆண்ட ஸ்பானியரின் சொல்லே. பலாவின் தாயகமோ தென்னிந்திய மலைச்சாரல். வாழை மட்டுமே அம்மண்ணுக்குரியது. இருக்கட்டுமே! மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்ததென்று அந்நண்பர் தமது வீட்டுக் குழம்பை வேற்றாருடையதென்பாரா? கேக்கும் பிஸ்கோத்தும் எந்நாட்டுச் சரக்கென்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. தெருமுனையிற் சட்டி வைத்துப் பொரித்து, தட்டிலேந்தி வீதிதோறும் கூவி விற்கும் பெண்ணின் பண்டத்திற்கு மட்டும் பூர்வீகம் கேட்பானேன்? தோலும் பெயரும் எங்கிருந்து வந்தாலும், இவற்றையெல்லாம் ஒரே சட்டியிற் சேர்த்தது அவ்வூரார் கையே.

நண்பர் இன்னும் இணங்கவில்லை.

பீசாங் நீப்பாவும் போப்பியாத் தோலும் நம்மூர்ச் சந்தையிலேயே கிடைக்கின்றன. சென்ற ஞாயிறன்று வீட்டில் பன்னிரண்டு துரோன் பொரித்தோம். சர்க்கரை இறுகும்வரை பொறுக்குமாறு அண்டைவீட்டுச் சிறுவரிடம் எவ்வளவோ கூறியும் பயனில்லை. நமக்கு எஞ்சியவை இரண்டு.