எம்டனுக்கு வந்த வெடிப்பு

தமிழில் எத்தனையோ அந்நியச் சொற்கள் குடியேறியிருக்கின்றன. அவற்றுள் பீரங்கி முழக்கத்தோடு வந்து சேர்ந்த சொல் 'எம்டன்'. காரியத்தில் கெட்டிக்காரனாகவும், பிறர் கண்ணில் மண்ணைத் தூவுவதில் சமர்த்தனாகவும் உள்ள ஒருவனை "அவன் சரியான எம்டன்!" என்று நம் வீடுகளில் சொல்கிறோம் அல்லவா?

1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு அந்த ஜெர்மன் யுத்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் உயிரிழந்தனர்; பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு ஓடினர். ஹைகோர்ட்டு மதிலில் பதித்துள்ள கல் இன்றும் அந்த இரவை நினைவூட்டுகிறது. எரிந்துபோன எண்ணெயைவிட வேறொரு நஷ்டம் ஆள்வோருக்குப் பெரிதாயிருந்தது. தங்கள் சாம்ராஜ்யத்தை யாரும் அசைக்க முடியாது என்று பூசி வைத்திருந்த பளபளப்பில் அன்று ஒரு வெடிப்பு விழுந்துவிட்டது.

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது வேறு வெடிப்பைப் பற்றி.

ராயபுரம் பக்கத்தில் நான் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்தில், ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மூவர் சரித்திரக் கண்காட்சிக்காக எம்டனைச் செய்ய முற்பட்டனர். உண்மைக் கப்பலின் நீளம் சுமார் 118 மீட்டர். நூற்றில் ஒரு பங்காகக் குறைத்து, 118 சென்டிமீட்டரில் துறைமுகத்துப் பெட்டிப் பலகையைச் செதுக்கினார்கள். மூன்று புகைபோக்கிகள் வைத்தார்கள். எதிரியை ஏமாற்ற எம்டன் நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றைத் தூக்கி நிறுத்துவது வழக்கம். அதையும் கழற்றி மாட்டும்படி செய்தார்கள்.

அப்புறம் வர்ணம். சமாதான காலத்தில் எம்டனின் உடல் வெள்ளை; யுத்த காலத்தில் சாம்பல். "கிழக்கின் அன்னம்" என்று பெயர் வாங்கிய கப்பல் அல்லவா? சரித்திரத்தில் வெள்ளை முதலில் வந்ததால் தாங்களும் வெள்ளையை முதலில் அடிக்க வேண்டும் என்பது பையன்களின் கட்சி. எண்ணெய் எனாமலை வாங்கித் தூரிகையால் தாராளமாகப் பூசினார்கள். மறுநாள் அதன்மேல், மோட்டார் பட்டறைகளில் உபயோகிக்கும் சீக்கிரம் உலரும் சாம்பல் வர்ணம் ஏறியது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், கோடைக்கால ஏரிப்படுகை மாதிரி கப்பல் முழுவதும் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கண்காட்சிக்கு இன்னும் எட்டு நாள்தான்.

அன்று மாலை எங்களுக்குள் இரண்டு அபிப்பிராயங்கள். இன்னொரு கனமான பூச்சு போட்டு மூடிவிடலாம் என்று இருவர். மூன்றாவது பையன் வாய் திறக்கவில்லை. மறுநாள் தன் தகப்பனாரையே அழைத்து வந்துவிட்டான். அவர் காசிமேட்டில் மீன்பிடி படகுகளுக்கு வர்ணம் அடிப்பவர். நகத்தால் ஓரிடத்தில் அழுத்திப் பார்த்தார்; முகர்ந்து பார்த்தார். "ஸார், அடியில இன்னும் பச்சையா இருக்கு. மேல எத்தனை தடவை அடிச்சாலும் வெடிக்கத்தான் செய்யும்" என்றார்.

அவர் சொன்னதற்குள் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. எனாமல் இரண்டு கட்டமாக உலர்கிறது. முதலில் அதிலுள்ள டர்பன்டைன் போன்ற திரவம் ஆவியாகிறது. பின்பு எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று இறுகுகிறது. முதல் கட்டம் சில மணி நேரம்; இரண்டாவதற்கு நாட்களும் வாரங்களும் ஆகலாம். கனமாகப் பூசினால் மேல்தோல் இறுகி, உள்ளே காற்றுப் புகாமல் தடுத்துவிடும். நம் கடற்கரை ஈரக் காற்றிலோ தாமதம் இன்னும் அதிகம். இப்படி இளகியிருக்கும் அடிப்பூச்சின்மேல் சட்டென்று கெட்டியாகும் பூச்சு ஏறினால், அடியிலுள்ளது அசையும். மேலுள்ளது வளையத் தெரியாமல் பிளக்கும். அதன் காரமான தின்னர் அடிப்பூச்சைக் கரைத்துச் சுருக்கியும் விடும்.

வெடிப்பின் தினுசைக் கொண்டே நோயை அறியலாம். வலைபோல் எங்கும் பரவினால், அடிப்பூச்சு உலரவில்லை. மரத்தின் ரேகையை ஒட்டி நீள நீளமாக ஓடினால், ஈரத்தில் மரம் உப்பிச் சுருங்குகிறது; பூசுமுன் மரத்தின் எல்லாப் பக்கங்களையும் பிரைமரால் அடைக்கவில்லை என்று பொருள். இணைப்புகளின்மேல் மட்டும் கீறினால், பட்டி காயவில்லை. செதிலாக உரிந்தால், எண்ணெய்க் கை பட்டிருக்கிறது அல்லது தூசி இருந்திருக்கிறது. தோல்போல் சுருங்கினால், இரண்டு வர்ணங்களுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

மேலே பூசி மூடலாம் என்ற கட்சிக்கு ஒரு கணக்கே பதிலாயிற்று. பூச்சுகள் எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். நூறு மடங்கு பெரிதாக்கினால் அது ஒரு சென்டிமீட்டர். அதாவது, நிஜக் கப்பலின்மேல் சுவருக்குச் சாந்து பூசினதுபோல! மாதிரிக் கப்பலில் வர்ணம் கனத்தால் ஜன்னல் விளிம்பும் ஆணித் தலையும் மறைந்து, யுத்தக் கப்பல் அரிசி மூட்டை போலாகிவிடும்.

ஆகவே சுரண்டுவதென்று முடிவாயிற்று. தட்டைக் கத்தியால் தளர்ந்த பாளங்களை எடுத்தார்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் மரம் தெரியும்வரை தேய்த்தார்கள். உலர்ந்து தேய்த்தால் தூசி மூச்சில் ஏறும். பழைய வர்ணமானால் அதில் ஈயமும் இருக்கக்கூடும். பல நாள் உழைப்பு அழுக்குத் தண்ணீராக வாளியில் வடிவதைப் பார்த்து, இளையவன் கண்கலங்கினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. படகுக்காரர்தான் அவன் கையிலிருந்த தாளை வாங்கிச் சிறிது நேரம் தாமே தேய்த்தார்.

இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, மெல்லிய பிரைமர். அப்புறம் மெல்லிய வெள்ளை இரண்டு தடவை, நடுவே ஒரு முழு நாள் இடைவெளி. சாம்பலுக்கு நாள் இல்லை. அப்படியானால் கப்பலை வைப்பதா, வேண்டாமா? மூவரும் கூடிப் பேசினார்கள். பொய்ப் புகைபோக்கியைக் கழற்றிவிட்டு, சீட்டில் இப்படி எழுதினார்கள்: "எம்டன், யுத்தத்துக்கு முன்." அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

கண்காட்சி முடிந்தும் கப்பல் என் வகுப்பறை அலமாரியிலேயே தங்கியது. தினம் காலையில் மணி அடிக்குமுன் மூவரும் வந்து அதன் அடிப்புறத்தை முகர்ந்து பார்ப்பார்கள். வர்ண வாசனை அடியோடு போன பின்புதான் அடுத்த பூச்சு. அதுவும் முதலில் ஒரு துண்டுப் பலகையில் அடித்து, ஒரு வாரம் வைத்துப் பார்த்த பிறகுதான். மழை மேகம் கூடிய நாட்களில் வாசனை போகாமல் அடம் பிடிக்கும். "இன்னும் பச்சை, ஸார்" என்று சொல்லிவிட்டு, மூவரும் தங்கள் பெஞ்சிக்குப் போய்விடுவார்கள்.