பக்ஸ்ரன் பள்ளிக்கூடம் பார்த்து வந்தோம்

ஓகஸ்ட் மாத நீண்ட வார இறுதியில் தொழிற்சாலை பூட்டியிருந்தது. வழக்கமாக விடுமுறை வந்தால் நயாகராவுக்குத்தான் வானை விடுவோம். இம்முறை எங்களோடு ஒரே லைனில் நின்று வேலை செய்யும் ஜமேக்காக்காரப் பெரியவர், "அகதிகள் கட்டிய ஊரைப் பார்த்திருக்கிறீர்களா? பக்ஸ்ரனுக்குப் போங்கள்" என்றார். றொட்டியும் கட்டைச்சம்பலும் கட்டிக்கொண்டு இரண்டு குடும்பமாக விடிய வெளிக்கிட்டோம்.

ஸ்காபுரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும். சாத்தம் நகருக்குக் கிட்டத் தெற்கே திரும்பினால் சோளமும் சோயாவும்தான். மலையுமில்லை, மேடுமில்லை, கிளிநொச்சி வயல்வெளி மாதிரி ஒரே தட்டை. "இதைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

அங்கே ஒரு தேவாலயம், ஒரு சிறிய அரும்பொருளகம், பக்கத்தில் மரத்தால் கட்டிய பழைய பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போன பிறகுதான் எங்கள் வாய் அடங்கியது.

வில்லியம் கிங் என்ற பாதிரியார் அயர்லாந்தில் பிறந்தவர். அமெரிக்காவின் லூசியானாவில் திருமணம் செய்தவர். அந்த வழியில் அடிமைகளும் அவருக்குச் சொத்தாக வந்தார்கள். அது அவருடைய மனச்சாட்சிக்கு ஒத்துவரவில்லை. 1849 இல் 15 பேரை விடுதலை செய்து கனடாவுக்குக் கூட்டிவந்தார். இங்கே 1834 இலேயே அடிமைமுறை ஒழிந்துவிட்டது. 9,000 ஏக்கர் காட்டை வாங்கிக் குடும்பத்துக்கு 50 ஏக்கராகப் பிரித்தார்கள். ஏக்கர் 2 டொலர் 50 சதம், பத்து வருடத் தவணை. சும்மா கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். காணிக்காசு கட்ட ஆண்கள் ரயில்பாதை போடும் வேலைக்குப் போனார்கள். எங்கள் ஓவர்டைம் மாதிரித்தான்.

சாத்தம் நகரத்தில் கூட்டம் கூடி, இவர்கள் இங்கே வரக்கூடாது என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஒன்ராறியோவில் 1850 இல் வந்த சட்டம் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் வைக்க இடம் கொடுத்தது. பல ஊர்களில் அதைக் காட்டியே அவர்களைப் பொதுப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். அந்தச் சட்டப் பிரிவு எடுபட 1964 வரை சென்றது.

அதே 1850 இல்தான் பக்ஸ்ரனில் பள்ளிக்கூடம் தொடங்கியது. வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு எழுத்தே தெரியாது. தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத வாசிக்கப் பழக்குவதே சட்டப்படி குற்றம். அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இங்கே என்ன படிப்பித்தார்கள் தெரியுமா? இலத்தீன், கிரேக்கம்! அன்று பல்கலைக்கழகத்துக்குள் போக என்ன படிப்பு வேண்டுமோ அதே படிப்பு. பள்ளிக்கூடத்தின் தரத்தைப் பார்த்து வெள்ளையர்களும் தங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பினார்கள். கடைசியில் அயலில் இருந்த அவர்களுடைய பள்ளிக்கூடம் பிள்ளைகள் இல்லாமல் மூடுப்பட்டது.

அங்கே படித்த அன்டர்சன் அபொட் 1861 இல் வைத்தியராக அனுமதி பெற்றார். கனடாவில் பிறந்த கறுப்பினத்தவர்களில் முதல் வைத்தியர் அவர். இன்னொரு மாணவர் ஜேம்ஸ் ரேப்பியர், அலபாமாவிலிருந்து அமெரிக்கக் காங்கிரசுக்குத் தெரிவானார். 1865 இல் உள்நாட்டுப் போர் முடிய ஊரில் பலர் திரும்பிப் போய்விட்டார்கள். நின்றவர்கள் பள்ளிக்கூடத்தை விடவில்லை. நாங்கள் பார்த்த கட்டடம் 1861 இல் எழும்பியது. 1968 வரை அதில் பாடம் நடந்தது.

அந்தச் சிறிய வாங்குகளில் பிள்ளைகள் இருந்து பார்த்தார்கள். எங்களுக்கு வேறொரு யோசனை ஓடியது. நாங்கள் இருவரும் ஓ.எல். உடன் நின்றவர்கள். இடம்பெயர்ந்த சனம் வந்து தங்கியதால் எங்கள் பள்ளிக்கூடமே முகாமாகியது. அது எங்கள் கையில் இருக்கவில்லை. ஆனால் போன மாசியில் மூத்தவள் பதினோராம் வகுப்புப் பாடத்தெரிவுப் படிவத்தைக் கொண்டுவந்தபோது நடந்தது எங்கள் கையில் இருந்தது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பல்கலைக்கழகப் பிரிவு கஷ்டம், கல்லூரிப் பிரிவு போதும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். இரவு வேலைக்கு வெளிக்கிடும் அவசரத்தில் வாசிக்காமலே கையெழுத்து வைத்தோம். அவள் தாதியாக வர விரும்புகிறவள். தாதிப் பட்டப்படிப்புக்குப் பல இடங்களில் பல்கலைக்கழகப் பிரிவுப் பாடங்கள்தான் கேட்பார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது.

திரும்பி வரும்போது வானில் அவள்தான் கதையைத் தொடங்கினாள். "அம்மா, நான் மாத்திக் கேக்கட்டோ?"

செப்டெம்பர் முதல் கிழமை ஷிப்ட் மாற்றிக்கொண்டு இருவரும் அவளோடு போனோம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்கலாம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நீங்களும் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். அவளுடைய புள்ளிகளைப் பார்த்துவிட்டுக் கணிதத்தை உடனே மாற்றித் தந்தார்கள். இரசாயன வகுப்பில் இடமில்லை. இரண்டாம் தவணைக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதியிருக்கிறார்கள். தை மாதம் மறுபடி போய்க் கேட்போம்.