பனிவண்டி பிறந்த ஊரிலே

கனடா தேசத்துக் கியூபெக் மாகாணத்தில், மொன்றியல் நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தொலைவில், வால்கூர் என்றொரு சிற்றூர் இருக்கின்றது. மேப்பிள் மரச் சோலைகளும் பாற்பண்ணைகளும் சூழ்ந்த இவ்வூரிலே வீட்டு மொழியும் வீதி மொழியும் பிரெஞ்சே. உல்லாசப் பிரயாணிகள் தேடிச் செல்லும் நயாகரா போன்ற அதிசயம் எதுவும் இங்கில்லை. ஆயினும், நவம்பர் மாதக் கடைசியில் அங்கு செல்வோர் வேறெங்கும் எளிதிற் காணவியலாத காட்சி ஒன்றைக் காண்பர். வீட்டுக்கு வீடு கொட்டகைக் கதவு திறந்து கிடக்கும். ஏழெட்டு மாதம் போர்வைக்குள் உறங்கிய பனிவண்டி வெளியே இழுத்துவரப்படும். அதனருகே ஒருவர் முழங்காலிட்டு, ஒரு கண்ணாடிப் போத்தலை வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்து, வைத்தியரைப் போல உற்று நோக்கிக்கொண்டிருப்பார். போத்தலில் இருப்பது சென்ற பங்குனியில் மிஞ்சிய பெற்றோல்.

பனிவண்டிக்குச் சக்கரமில்லை. முன்னே இரண்டு சறுக்குச் சட்டங்கள். பின்னே ஒரு றப்பர்ப் பட்டை சுழன்று வெண்பனியை உந்தித் தள்ளும். மோட்டார் சைக்கிளில் அமர்வது போலவே அமர வேண்டும். இதனை உலகுக்கு அளித்தவர் யோசேப் ஆர்மண்ட் பொம்பார்டியே என்னும் வால்கூர்க்காரர். 1907 இல் பிறந்த இவர், பதினைந்து வயதிலே, 1922 ஆம் ஆண்டின் இறுதி நாளன்று, பழைய போர்ட் காரின் இயந்திரத்தைச் சறுக்குவண்டியொன்றின் மீதேற்றி, ஆகாயவிமானத்துக்குப் போலக் காற்றாடி பூட்டி, ஊர் வீதியிலே ஓட்டிக் காட்டினார். தகப்பனார் அதைக் கழற்றி வைக்கும்படி கட்டளையிட்டாராம். எந்த ஊரிலும் தகப்பன்மார் ஒரே மாதிரித்தான்!

விளையாட்டாய்த் தொடங்கிய முயற்சி பின்னர் விளையாட்டாக இருக்கவில்லை. 1934 ஆம் ஆண்டு மாரியில் அவருடைய இரண்டு வயது மகன் இவோன் குடல்வால் அழற்சியினால் துடித்தான். வைத்தியசாலைக்குச் செல்லும் பாதையோ பனியால் மூடுண்டு கிடந்தது. பனிமேற் செல்லத்தக்க வாகனம் ஆயத்தமாக இருக்கவில்லை; பிள்ளை இறந்தான். 1937 இல் பொம்பார்டியே பற்சக்கரமும் பட்டையும் இணைந்த தமது பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் ஏறக்கூடிய பெரிய வண்டி முதலில் வந்தது. வைத்தியர்களும் தபாற்காரரும் பாடசாலைப் பிள்ளைகளும் அத்தகைய வண்டிகளிலே சென்றனர். இன்று நாம் காணும் சிறிய வண்டியாகிய 'ஸ்கிடூ' 1959 இல் வெளிவந்தது. 1964 இல் அவர் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த நூதனசாலையும் பெரிய தொழிற்சாலையும் இவ்வூரில் இருக்கின்றன.

இனிப் போத்தலுக்கு வருவோம். பெற்றோல் என்பது ஒரே பொருளன்று; நூற்றுக்கணக்கான ஐதரோகாபன்களின் கலவை. அவற்றுள் இலேசானவை எளிதில் ஆவியாகும். இயந்திரம் குளிரிலே உயிர்பெறுவது இவற்றினாற்றான். கனடாவில் மாரிகாலத்துக்கென விற்கப்படும் பெற்றோலில் இவ்விலேசான பகுதியைக் கூடுதலாகச் சேர்ப்பதும் அதற்காகவே. தாங்கியிலே மாதக்கணக்காய்க் கிடக்கும்போது முதலில் ஓடிப்போவதும் இப்பகுதியே. 1990 களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பெற்றோல் தடைப்பட்டிருந்த அக்காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் குளிர்ந்த இயந்திரத்தை எழுப்பச் சில துளி பெற்றோல் இன்றியமையாததாயிருந்தது.

எஞ்சியிருக்கும் பகுதியும் சும்மா இருப்பதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து பிசினாக மாறத் தொடங்குகின்றது. வெளிறிய திரவம் தேயிலைச் சாயம் போலக் கறுக்கும். பெற்றோலின் காரமான மணம் போய், பழைய வார்னிஷின் புளித்த நெடி வீசும். இக்காலப் பெற்றோலில் எதனோல் என்னும் மதுசாரமும் கலந்திருப்பதால் இன்னொரு தொல்லை. மதுசாரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் நீரும் மதுசாரமுமாகப் பிரிந்து தாங்கியின் அடியில் தங்கும். போத்தலில் ஊற்றிச் சிறிது நேரம் அசையாது வைத்தால் அடியிலே அந்தக் கோடு தெரியும். முழங்காலிட்டவர் தேடுவது இக்கோட்டையும் நிறத்தையுமே.

நான் கண்ட ஒரு முதிய பண்ணையாளர் இப்பணியிலே கைதேர்ந்தவர். சற்றே நாட்பட்டதாயின் புதிய பெற்றோலைத் தாராளமாய்க் கலந்து ஓட்டலாமென்பது அவர் கொள்கை. புளித்ததாயின் தயவே கிடையாது. கைப்பம்பினால் தாங்கி முழுவதையும் வடித்தெடுத்தார். குழாயை வாயால் உறிஞ்சும் வழக்கத்தை அவர் ஒப்புவதில்லை. வடிகட்டியை மாற்றினார். காபரேற்றரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியபோது அதன் சுவர்களிலே பச்சை கலந்த மஞ்சட் பிசின் படிந்திருந்தது. வேகம் குறைந்த ஓட்டத்துக்குப் பெற்றோலைச் செலுத்தும் சிறு துவாரத்தின் விட்டம் அரை மில்லிமீற்றர்தானும் இராது. அது அடைபட்டிருந்ததை வெளிச்சத்திற் பிடித்துக் காட்டி, துப்புரவுத் திரவத்தில் ஊறவைத்து, காற்றால் ஊதினார். கம்பியால் குத்த விடமாட்டார். துவாரம் பெருத்தால் அளவு பிழைத்துவிடும். புதிய பெற்றோலும் புதிய தீப்பொறிச் செருகிகளும் இட்டபின், வண்டியை முற்றத்துக்குத் தள்ளிச் சென்றே இயந்திரத்தைத் தொடக்கினார். மூடிய கொட்டகையில் காபன் மொனொட்சைட்டு ஆளைக் கொல்லும்.

இத்தனை பாடு எதற்கு, எழும்பாத வண்டியை விட்டுவிட்டு வீட்டிலிருக்கலாமே என்று தோன்றக்கூடும். எழும்பாத வண்டியால் ஆபத்தில்லை; அரைகுறையாய் எழும்பி ஓடும் வண்டியே ஆபத்தானது. பழைய பனிவண்டிகளிற் பெரும்பாலானவை இருவீச்சு இயந்திரம் கொண்டவை. துவாரம் பாதி அடைபட்டால் பெற்றோல் குறைந்து காற்று மிகும், வெப்பம் ஏறும், பிஸ்டன் உருகித் துளைபடும், அல்லது உருளையோடு இறுகிப்போகும். இது வீட்டு முற்றத்திலே நிகழ்வதன்று. முழு வேகத்திலே, உறைந்த ஏரியின் நடுவிலோ காட்டின் உள்ளேயோ நிகழ்வது. கியூபெக்கில் பனிவண்டிக்கென்றே 30,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதைகள் உள. மனித சஞ்சாரமற்ற பகுதிகள் அவற்றிற் பல. பூச்சியத்துக்குக் கீழே 25 பாகைக் குளிரில், ஆழ்ந்த பனியிலே, இருபது கிலோமீற்றர் நடந்து திரும்புவதென்பது சொல்லளவில் மட்டுமே இலகுவானது.

அதே மாகாணத்தின் வடகோடியாகிய நுனாவிக்கில் இவ்வினா இன்னும் கூர்மையடைகின்றது. இனுவிற் மக்கள் வாழும் 14 கிராமங்கள் அங்குள்ளன. தெற்கிலிருந்து அவற்றுக்கு வீதி கிடையாது. கடற்பனி உருகியிருக்கும் சில மாதங்களுக்குள் கப்பல்கள் கொண்டுவந்து நிரப்பும் எரிபொருளே அடுத்த கோடைவரை போதவேண்டும். ஆகவே வால்கூரில் 'பழைய பெற்றோல்' என்று வடித்தெடுக்கும் வயதுடையதை அங்கே சாதாரண பெற்றோலாகவே ஊற்றுகின்றனர். பெருந்தாங்கிகளில் முறையாய்ப் பேணப்படுவதால் அது பயன்படுகின்றது. ஒருகாலத்தில் நாய்கள் இழுத்த சறுக்குவண்டியில் வேட்டைக்குச் சென்றவர்கள் இன்று அதனைப் பனிவண்டியின் பின்னே கட்டிச் செல்கின்றனர். நாய் சோர்ந்தாலும் வீடு திரும்பும் வழியை அறியும். இயந்திரம் நின்றால் நின்றதுதான். அனுபவசாலிகளான வேட்டைக்காரர் உதிரிச் செருகிகளும் மிகை எரிபொருளும் இன்றிப் புறப்படுவதில்லை.

பண்ணையாளர் வடித்தெடுத்த பெற்றோலை நிலத்தில் ஊற்றவில்லை. கிணற்று நீர் கெடுமென்று தகரமொன்றில் அடைத்து, மேலே எழுதி ஒட்டி, ஊர்ச் சேகரிப்பு நிலையத்துக்கென எடுத்து வைத்தார். அடுத்த பங்குனியில் தாங்கியை விளிம்புவரை புதிய பெற்றோலால் நிரப்பி, கெடாது காக்கும் மருந்தைக் கலந்து, அது காபரேற்றர்வரை சென்றடையுமாறு சில நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டுத்தான் போர்வையிடுவாராம். புளித்தபின் அம்மருந்தை ஊற்றுவோரும் அவ்வூரில் உளர். அவர்களைப் பற்றிக் கேட்டபோது தோளைக் குலுக்கிவிட்டு, அடுத்த வண்டியின் போர்வையை நீக்கத் தொடங்கினார்.